மறுபடியும் என்கிற மனிதர்

தப்பு நடந்துவிட்ட இடத்தில் மனிதர்கள் இரண்டே வகை. ‘நான் இல்லை’ என்பவர்கள் ஒரு வகை, ‘நீதான்’ என்பவர்கள் இன்னொரு வகை. கோலசிலாங்கூர் ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நான் பார்த்த அத்தனை பேரும் இதில் ஏதாவது ஒன்றில் அடங்கிவிடுவார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் அடங்கமாட்டார். எந்தத் தப்பைக் கண்டாலும் அவருக்கு முகம் மலர்ந்துவிடும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மறுபடியும் செய்யுங்க, பார்ப்போம்" என்பார்.

அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. ஐசி என்கிற அடையாள அட்டையில் அழகான பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் பாசாரில் ஒருவருக்கும் தெரியாது. ‘மறுபடியும் வீடு எது?’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கைகாட்டும். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த மனிதர், கல்யாணம் ஆகவில்லை. ஏதோ ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கணினி வேலை செய்துகொடுத்தார். அது சோற்றுக்கு. உயிர் வேறு ஒன்றில் இருந்தது. அதற்கு வருகிறேன்.

ஒரு சமயம் பாசிர் பெனம்பாங் பாலத்தைவிட்டு இறங்குகிற இடத்தில் மீன் லோரி ஒன்று அவருடைய மோட்டார் சைக்கிளை லேசாக இடித்துவிட்டது. ஆள் புல்லில் போய் விழுந்தார். லோரி ஓட்டிவந்த சீனர் பதறிப்போய் இறங்கி ஓடிவந்தார். நம்மவர் எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, மலாயில் மிகவும் பணிவாகக் கேட்டார்: "லோரியைக் கொஞ்சம் பின்னாடி எடுத்து, அதே மாதிரி இன்னொரு தடவை வர முடியுமா? எந்த இடத்துல நீங்க என்னைப் பார்க்காம விடுறீங்கன்னு தெரிஞ்சுக்கணும்."

சீனர் இவருக்குத் தலையில் பலமாக அடிபட்டுவிட்டது என்று முடிவுகட்டி, லோரியிலேயே ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்தார். போகிற வழியில் லோரியின் பக்கக் கண்ணாடி ஆடிக்கொண்டிருப்பதை இவர் கண்டுபிடித்து முடுக்கிக் கொடுத்தார். கிளினிக் வாசலில் இறங்கும்போது இருவரும் சிநேகிதர்கள். அதற்கப்புறம் தீபாவளி தவறாமல் நம்மவர் வீட்டுக்கு ஒரு பை இறால் வந்துகொண்டிருந்தது.

செரண்டாவுக்குப் பெண் பார்க்கப் போன கதை இன்னும் பிரபலம். பெண் தட்டில் தேநீர் எடுத்துக்கொண்டு வரும்போது தடுக்கி, ஒரு கிளாஸ் கவிழ்ந்தது. பெண்ணின் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம். மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"பரவாயில்லைங்க. மறுபடியும் ஒரு தடவை நடந்து வர்றீங்களா?"

பெண் நடந்து வந்தார். தடுக்கவில்லை.

"தட்டோட வாங்க."

தட்டோடு வந்தார். தடுக்கவில்லை.

"கிளாஸ்ல தண்ணி ஊத்தி எடுத்துக்கிட்டு வாங்க."

தடுக்கியது. கிளாஸில் ஏதாவது இருந்தால் கண் அதன்மேலேயே இருக்கிறது, அதனால் கம்பளத்தின் மடங்கிய ஓரம் தெரிவதில்லை என்று கண்டுபிடித்து, பெண்ணின் அப்பாவிடம் பசை கேட்டு வாங்கி, பட்டு வேட்டியோடு தரையில் குப்புறப் படுத்து ஒட்டிவிட்டு எழுந்தார். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. கம்பளம் நன்றாக ஒட்டிக்கொண்டது என்று கேள்வி.

எனக்கு அவர் எப்படிப் பழக்கம் என்றால், நான் நூலகக் கவுண்டரில் உட்காருகிறவள். எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்று கடைத்தெருவில், மசாலா மில்லுக்கு மேல்மாடியில் ஒரு நூலகம் நடத்துகிறது. கீழே மிளகாய் அரைக்கிற நாளில் மேலே தும்மாமல் ஒரு பக்கத்தைத் தாண்ட முடியாது. எங்கள் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனால் படுக்கையறையில் குழம்பு வாசம் வரும். வாசகர்கள் பழகிக்கொண்டார்கள். சிலர் வாசத்தை வைத்தே இது நம் நூலகத்துப் புத்தகம் என்று கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்ததும் உண்டு.

அட்டை போட்டு எழுதிக்கொண்டிருந்த எங்களுக்குக் கணினியைக் கொண்டுவந்தவர் மறுபடியும்தான். நூலகங்களுக்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதியது, காசு கிடையாது, தானும் அதில் பிழை பார்த்துத் திருத்துகிறவர்களில் ஒருவன் என்று சங்கத் தலைவரிடம் வந்து சொன்னார். தலைவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். சும்மா கிடைக்கும் எதன்மீதும் அவருக்கு நம்பிக்கை இல்லை.

"யார் எழுதினது?"

"யாரு வேணும்னாலும் எழுதலாம், ஐயா. யாரு வேணும்னாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம், திருத்தலாம்."

"திருடன் வந்து திருத்தினா?"

"வரட்டும், ஐயா. நல்லாத் திருத்தினா ஏத்துக்குவோம்."

தலைவருக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் அட்டை அச்சடிக்கும் செலவு மிச்சம் என்பது பிடித்திருந்தது. நம்மவர் தன் உயிரை எங்கள் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது இப்படித்தான். வேலை முடிந்த மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். நான் எதை அமுக்குகிறேன், எந்த இடத்தில் பெருமூச்சு விடுகிறேன், எந்த இடத்தில் கணினியைத் திட்டுகிறேன் என்பதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருப்பார். கட்டின புருஷன்கூட என்னை அவ்வளவு கவனித்துப் பார்த்ததில்லை. ஆனால் அவர் பார்த்தது என்னை இல்லை, திரையை. இதை என் புருஷனிடம் அப்போதே தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

புருஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒருநாள் எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். எங்கள் நூலகத்திலிருந்து கணினி தானாக அனுப்பிய செய்தி: ‘மதிப்பிற்குரிய உறுப்பினரே, தாங்கள் காலமாகிவிட்டீர்கள். புதுப்பித்துக்கொள்ள உடனே கவுண்டருக்கு வரவும்.’

"என்ன புள்ள, நான் மௌத்தாயிட்டேனா? கடையில கூட்டம் நிக்குது. சொல்லியிருந்தா மாவு பிசையாம இருந்திருப்பேன்ல?"

உறுப்பினர் தவணை முடிந்துவிட்டது என்று வரவேண்டிய செய்தி அது. தவணை முடிவதற்கும் ஆயுள் முடிவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருக்கிறதாம். எங்கேயோ உட்கார்ந்து தமிழாக்கிய யாரோ ஒருவர் அகராதியில் தப்பான வரியில் விரல் வைத்துவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த மறுபடியும் முகம் மலர எழுந்தார்.

"பாய், மறுபடியும் ஒரு தடவை வர வைக்கலாமா?"

"எதுக்கு லா? இன்னொரு தரம் மௌத்தாகவா? ஒரு தரம் போதும், தம்பி." பாய் இறங்கிப் போய்விட்டார்.

அகப்பட்டவள் நான். என்னுடைய உறுப்பினர் தவணையை முடித்துப் பார்த்தார். செய்தி போனது. புதுப்பித்து, மறுபடியும் முடித்தார். மறுபடியும் போனது. அன்று பிற்பகலில் நான் பல முறை காலமாகி, பல முறை உயிர்த்தேன். அவர் கேட்காததும் நான் சொல்லாததும் ஒன்றுதான்: நூலகத்தில் என் பெயருக்கு எதிரே கொடுத்திருந்தது என் புருஷனுடைய போன் நம்பர். புஞ்சாக் ஆலாமில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், நான் வரிசையாகச் செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, தலைக்கவசத்தைக்கூட மாட்டாமல் மோட்டாரை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"உயிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"புதுப்பிச்சாச்சா?" என்று கேட்டார் பாவம்.

நம்மவர் என் புருஷனை உட்காரவைத்து, செய்தி எத்தனை மணிக்கு வந்தது, சத்தத்தோடு வந்ததா என்றெல்லாம் விசாரித்தார். என் புருஷன் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த வரியைத் திருத்தி அவர் அனுப்பியதை அந்த மென்பொருள்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அன்றிலிருந்து உலகத்தில் எந்தத் தமிழ் நூலகத்திலும் யாரும் கவுண்டரால் சாகவில்லை.

இப்போது பெரிய சம்பவத்துக்கு வருகிறேன். நூலகமே போய்விடும் என்ற நிலைக்குக் கொண்டுவந்த சம்பவம்.

மென்பொருளில் புதுப் பதிப்பு வந்தது. அதில் ஒரு புது வசதி: ஒரே ஆள் தவறுதலாக இரண்டு முறை பதிவாகியிருந்தால், கணினி தானே கண்டுபிடித்து ஒரே ஆளாக்கிவிடும். நல்ல வசதிதான். அது வந்த சில நாளிலேயே கோபால் அண்ணன் என் கவுண்டருக்கு வந்து நின்றார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், ஐம்பது தாண்டியவர், சர்க்கரை வியாதிச் சமையல் புத்தகமும் கோயில் வரலாறும் தவிர வேறெதுவும் எடுக்காதவர்.

"இங்க பாரும்மா, உங்க கணினி எனக்கு அனுப்பியிருக்கிறதை. கர்ப்பிணிப் பெண்கள் பராமரிப்புப் புத்தகத்தை நான் திருப்பிக் குடுக்கலையாம். போனை எடுத்துப் பார்த்தது எங்க வீட்டுக்காரி. நேத்துலேருந்து எனக்குச் சோறு இல்லை."

திரையில் பார்த்தேன். கோபால் என்ற பெயரே இல்லை. அந்த இடத்தில் ‘எல் பெருமாள்’ என்று ஒருவர் இருந்தார். இந்த எல் பெருமாள் சர்க்கரை வியாதிச் சமையல் படிக்கிறார், கோயில் வரலாறு படிக்கிறார், பேய்க்கதை படிக்கிறார், கர்ப்பிணிப் பராமரிப்பும் படிக்கிறார். பேய்க்கதையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அது சேகர் எடுப்பது. சேகர், கோபால் அண்ணனுடைய கூடப்பிறந்த தம்பி. அவர்கள் அப்பா பெயர் பெருமாள்.

எங்கள் நாட்டில் பிள்ளை பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ, எல் என்ற இரண்டு எழுத்தும் அவற்றுக்கிடையே ஒரு சாய்கோடும் வரும். மலாயில் ‘மகன்’ என்பதன் சுருக்கம் அது. மகளாக இருந்தால் எல் இருக்கும் இடத்தில் பி. புதுப் பதிப்பு இந்தச் சாய்கோட்டைக் கண்டதும் அங்கே ஒரு வெட்டு வெட்டி, பின்னால் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டது. ‘கோபால் ஏ/எல் பெருமாள்’ எல் பெருமாள் ஆனார். ‘சேகர் ஏ/எல் பெருமாள்’ அவரும் எல் பெருமாள் ஆனார். பிறகு புது வசதி வந்து இருவரையும் ஒரே ஆளாக்கிவிட்டது. தேடிப் பார்த்தால் இன்னும் பல வீடுகளில் இதே கதை. எத்தனை ஆண் பிள்ளைகள் இருந்தாலும் ஒரே மகன், எத்தனை பெண்கள் இருந்தாலும் ஒரே மகள். குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் கனவில்கூடக் கண்டிராத ஊராக நாங்கள் மாறிவிட்டோம்.

"அண்ணே, அது உங்க தம்பி எடுத்த புத்தகம்" என்றேன்.

கோபால் அண்ணனும் சேகரும் பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரியும். அப்பா இறந்தபிறகு, அவர் ஈஜோக் போகும் வழியில் இருந்த ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்கு ஓட்டிப்போன பழைய மோட்டாரை, அண்ணன் தம்பியைக் கேட்காமல் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அதோடு பேச்சு நின்றது. தம்பி என்று நான் சொன்னதும் அவர் இன்னும் கத்துவார் என்றுதான் எதிர்பார்த்தேன். கத்தவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப... சேகர் வீட்டுல விசேஷமா?"

சேகருக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. நான் தலையாட்டினேன். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

எல்லாரும் கோபால் அண்ணனைப் போல இறங்கிப் போய்விடவில்லை. மாடிப்படியில் சண்டைக்கு வரிசை நின்றது. செயற்குழுவில் ஒருவர், நூலகத்தை மூடிவிட்டு மாடியை அழகு நிலையத்துக்கு விடலாம் என்றார். இன்னொருவர் ஆமோதித்தார். தலைவர் நேராக நம்மவர் முன்னால் வந்து நின்று தலைமையாசிரியர் குரலில் சொன்னார்: "அடுத்த செயற்குழுவுக்குள்ள இது சரியாகணும். இல்லைன்னா உங்க உலகத்துக்காரங்களை உலகத்துக்கே திருப்பி அனுப்பிடுவோம்."

நம்மவர் கணினிக்குள் பொய்ப்பெயர்கள் போட்டுச் சோதித்தார். பொய்யான அண்ணன், பொய்யான தம்பி, பொய்யான அப்பா. கணினி பெயரை வெட்டியது, ஆனால் இருவரையும் ஒன்றாக்கவில்லை. ஏதோ ஒரு சங்கதி விட்டுப்போகிறது, அது என்னவென்று தெரியவில்லை. "நிஜ ஆளுங்க வேணும், அக்கா" என்றார்.

எப்படிப் பேசினாரோ, அடுத்த சனிக்கிழமை கோபால் அண்ணனும் சேகரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. பார்த்ததும் இருவரும் திரும்பிப் போகப் பார்த்தார்கள். நம்மவர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். கவுண்டரின் இந்தக் கோடியில் அண்ணன், அந்தக் கோடியில் தம்பி, நடுவில் நான். கீழே மில்லில் மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க இருக்கீங்க, அண்ணே?" என்று கேட்டு இருவரையும் புதிதாகப் பதிந்தார். அண்ணன் இருப்பது ஒரு தாமான் குடியிருப்பு, தம்பி இருப்பது வேறு தாமான். அண்ணன் ஒரு புத்தகம் எடுத்தார். தம்பி ஒன்று எடுத்தார். ஒன்றும் ஆகவில்லை.

"மறுபடியும்."

தம்பி முதலில், அண்ணன் பிறகு. ஒன்றும் ஆகவில்லை.

"மறுபடியும். இப்ப ரெண்டு பேரும் ஒரே நேரத்துல புத்தகத்தை நீட்டுங்க."

அவர்கள் எடுப்பதும் கொடுப்பதுமாக நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒரே சமையல் புத்தகத்தை அண்ணன் எத்தனை முறை கடன் வாங்கினார் என்று எனக்கே மறந்துவிட்டது. கடைசியில் சேகருக்குப் பொறுக்கவில்லை. என்னைத் தாண்டி நேராக அண்ணன் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"என்ன லா இது, இவருக்குப் பைத்தியமா?"

"பேசாம நீட்டு. முடிச்சாத்தான் விடுவாரு போல" என்றார் அண்ணன்.

வருஷக்கணக்காகப் பேசாத இருவரும் பேசிய முதல் வார்த்தைகள் இவை. ஆனால் வாய் திறந்துவிட்டதல்லவா, உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வர ஆரம்பித்தது. மோட்டார் வந்தது. இரும்புக்கடை வந்தது. "நீ யாரைக் கேட்டுப் போட்டே?" வந்தது. "அது ஓடவே இல்லைடா!" வந்தது. கோபால் அண்ணன் மேசையைத் தட்டி, "அந்த வீட்டுக்கு மூத்தவன் நான்டா!" என்றார்.

"மூத்தவன்னா? லயத்துல நான் பொறக்கலையா? என் ஐசியில இன்னைக்கும் அந்த வீட்டு அட்ரஸ்தான் இருக்கு!"

"என் ஐசியிலயும் அதுதான்டா இருக்கு!"

சட்டென்று இருவரும் நிறுத்திவிட்டார்கள். தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருந்த அந்த லயத்தை இடித்து, அந்த இடத்தில் வீட்டு மனை போட்டு எவ்வளவோ காலமாகிறது.

"நீ இன்னுமா மாத்தலை?" என்றார் அண்ணன்.

"நீ ஏன் மாத்தலை?"

என் கண்கூடக் கலங்கிவிட்டது. அப்படிப்பட்ட நேரத்தில், ஒரு மனிதர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கத்தினார்:

"மறுபடியும் சொல்லுங்க! ஐசியில ரெண்டு பேருக்கும் ஒரே அட்ரஸா?"

விட்டுப்போன சங்கதி அதுதான். முதலில் உறுப்பினராகச் சேரும்போது ஐசியைப் பார்த்துப் பதிந்திருந்தோம். வெட்டின பெயரும் ஒன்று, விலாசமும் ஒன்று. அப்படியானால் ஆளும் ஒன்று என்று கணினி முடிவுகட்டியிருக்கிறது. பழைய விலாசத்தைப் போட்டு இன்னொரு முறை செய்ததும், எங்கள் கண்ணெதிரே கோபாலும் சேகரும் மறைந்து எல் பெருமாள் தோன்றினார். நம்மவர் கைதட்டினார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பைத்தியமேதான் என்பதுபோல.

அன்றே திருத்தத்தை எழுதி அனுப்பினார். சில நாள் கழித்து மென்பொருள்காரர்களிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான பதில்தான்: ‘நாங்கள் செய்து பார்த்தோம். எங்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பெயருக்கு நடுவில் சாய்கோடு எப்படி வரும்? தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். சரிபார்க்கவும்.’

பதில் வந்த அன்று மாலை நான் நூலகத்தைச் சாத்திவிட்டு இறங்கும்போது அவர் மில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன தம்பி?"

"மிளகாய், அக்கா" என்றார்.

அன்று மில் விடுமுறை. பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்ன பதில் எழுதப் போறீங்க?" என்று கேட்டேன். போனைக் காட்டினார். ஏற்கனவே எழுதிவிட்டிருந்தார். ஆங்கிலத்தில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார்: ‘அது பிழை இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் எங்கப்பா. நீங்க அங்க வெட்டினா எங்கப்பா மட்டும் மிஞ்சுறாரு. பிள்ளைங்க நாங்க காணாமப் போயிடுறோம்.’

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன். ஆனா படிச்சா நம்பமாட்டாங்க. பார்த்தாத்தான் நம்புவாங்க."

அப்படித்தான் அந்தக் காணொளி எடுக்கப்பட்டது. கோபால் அண்ணனும் சேகரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைப்பாக நின்றார்கள். ஆங்கிலத்தில் பேசும் பொறுப்பை மூத்தவர் என்ற முறையில் கோபால் அண்ணன் ஏற்றுக்கொண்டார். தம்பியின் தோளில் கைவைத்து, கேமராவை முறைத்துப் பார்த்துச் சொன்னார்:

"குட் ஆஃப்டர்நூன். திஸ் இஸ் மை பிரதர். ஹி இஸ் நாட் மீ. ஐ எம் நாட் ஹிம். சேம் பாதர். டூ பீப்பள்."

அவ்வளவுதான். பிறகு இருவரும் புத்தகத்தை நீட்டினார்கள், திரையில் ஒரே ஆளானார்கள். பின்னணியில் நான் விடாமல் தும்மிக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து வந்த பதிலில் மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். திருத்தத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். இந்த மாதிரிப் பெயர்கள் வேறு எங்கெல்லாம் வெட்டுப்படக்கூடும் என்று அவரையே பார்த்துச் சொல்லும்படியும் கேட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: ‘பின்னால் இருக்கும் அம்மையாருக்கு இப்போது உடல்நலம் பரவாயில்லையா?’

செயற்குழுவுக்கு முன்பாக எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் பெயரோடு திரும்பி வந்துவிட்டார்கள். அழகு நிலையக்காரர் வேறு மாடி பார்த்துக்கொண்டார். தலைவர் மனம் குளிர்ந்து, சங்க ஆண்டு விழாவில் மறுபடியும் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்தார். தலைவர் பேச்சு நீளமானது. அதை முடிக்கிற சமயத்தில் ஒலிபெருக்கி ‘கீ’ என்று கத்தி நின்றுவிட்டது. பொன்னாடையோடு மேடையில் நின்றிருந்தவர் உடனே ஒலிபெருக்கியிடம் போனார்.

"ஐயா, எந்த வார்த்தையில கத்துச்சு? மறுபடியும் பேசுங்க."

"எதிலேருந்து?"

"முதல்லேருந்து."

தலைவருக்கு இதைவிட இனிப்பான விண்ணப்பம் வாழ்க்கையில் வந்ததில்லை. பேச்சை முதலிலிருந்து ஆரம்பித்தார். கூட்டத்தில் இருந்த பாய் எழுந்து, "இதுக்கு நான் மௌத்தாவே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

சேகருக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரியப்பாதான் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்து, பிள்ளைக்கு உறுப்பினர் அட்டை வேண்டும் என்றார். அவ்வளவு சின்ன ஆளுக்குக் கொடுக்க விதி இல்லை. கொடுத்துவிட்டேன். மோட்டார் விவகாரம் இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது சண்டையை நேருக்கு நேர் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே போடுகிறார்களாம்.

மறுபடியும் என்கிற அந்த மனிதர் இப்போது ஊரில் இல்லை. ஜொகூர் பக்கம் நூலகங்களுக்குக் கணினி வேலை செய்துகொடுக்க நல்ல சம்பளத்தில் கூப்பிட்டார்கள், போய்விட்டார். போகிற நாளில் மாடிக்கு வந்தார். விடைபெறுவதாகச் சொல்லிவிட்டு, கவுண்டர் கதவு சரியாகச் சாத்தவில்லை என்று அதைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் போனார். பேருந்தைத் தவறவிட்டார்.

கணினியைப் பார்த்துக்கொள்ள சங்கம் வேறொரு தம்பியை ஏற்பாடு செய்திருக்கிறது. கெட்டிக்காரப் பையன், எல்லாம் போனிலேயே முடித்துவிடுவான். போன வாரம் ஒரு புத்தகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று கணினி அடம்பிடித்தது. அவனைக் கூப்பிட்டேன். நான் பாதி சொல்வதற்குள் அவன் சொன்னான்:

"நீங்க ஏதாச்சும் தப்பா அமுக்கியிருப்பீங்க, ஆன்ட்டி."

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. வங்கியில், கிளினிக்கில், வீட்டில் புது டிவி முன்னால், எங்கே எது ஓடாமல் போனாலும் எல்லாரும் என்னிடம் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் அன்றைக்கு மட்டும் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்த மனிதர் ஒரு தடவைகூட என்னிடம் அதைச் சொன்னதில்லை.